துலங்காத கொலை: ஊகத்தை எடைபோடுவது எப்படி?

2016 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராமப்புறச் சாலை ஒன்றில் ஓட்டப்பயிற்சிக்குப் போன பெண் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் மாலையில் ஓடப்போன இன்னொரு பெண் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 7-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், அதேபோல் தனியாக வெளியே போன மூன்றாவது பெண். ஒன்பதே நாளில் மூன்று கொலைகள்.

செய்தி பரவியதும் பலர் மனதில் ஒரே எண்ணம்தான் வந்தது: இது ஒரே ஆளின் வேலை, ஓடும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறவன் ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். துப்பறியும் ஆர்வம் உள்ளவர்கள் வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். எந்த நெடுஞ்சாலையில் வந்திருப்பான், லாரி ஓட்டுநரா, விற்பனைப் பிரதிநிதியா என்றெல்லாம் யோசித்தார்கள். முதல் கொலை துப்பாக்கியால் நடந்தது, மற்ற இரண்டில் துப்பாக்கியே இல்லை என்ற வித்தியாசத்தைக் கோடு இழுத்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2017 பிப்ரவரியில் குயின்ஸ் வழக்கில் ஒருவர் கைதானார், ஏப்ரலில் மாசசூசெட்ஸ் வழக்கில் வேறொருவர். இருவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டிலும் முக்கியச் சான்று, கொல்லப்பட்ட பெண்கள் போராடியபோது கிடைத்த டிஎன்ஏ. குயின்ஸ் வழக்கின் முதல் விசாரணையில் நடுவர் குழு (ஜூரி) ஒருமித்த முடிவுக்கு வராமல் போய், 2019-ல் இரண்டாம் விசாரணையில் தண்டனை வந்தது. மாசசூசெட்ஸ் வழக்கில் 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார் அந்த ஆள். மிச்சிகன் கொலை மட்டும் ஆண்டுகள் கடந்தும் துலங்காமல் நிற்கிறது.

மூன்றையும் சேர்த்துக் கட்டிய கதை ஏன் அவ்வளவு பேரை இழுத்தது? ஒன்பது நாளில் மூன்று என்றால் தற்செயலாக இருக்காது என்று நம் மனம் அடித்துச் சொல்லும். ஆனால் தற்செயல் என்பது நாம் நினைப்பதுபோல் சீராக இடைவெளி விட்டு வருவதில்லை, கொத்தாகத்தான் வரும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ஏவிய பறக்கும் குண்டுகள் லண்டனில் சில தெருக்களில் திரும்பத் திரும்ப விழுந்தன, சில தெருக்களில் விழவே இல்லை. குறிபார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். போர் முடிந்த பிறகு, 1946-ல் ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிதர் தெற்கு லண்டனை 576 சமச் சதுரங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் எண்ணிப் பார்த்தார். 229 சதுரங்களில் ஒன்றுகூட விழவில்லை. 93 சதுரங்களில் இரண்டிரண்டு, 35-ல் மூன்று மூன்று. எந்தக் குறியும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் கணக்குப்படி எப்படி விழுமோ, கிட்டத்தட்ட அப்படியேதான் விழுந்திருந்தன. ஆக, கொத்தாக நடப்பது மட்டுமே ஒரு கை இருப்பதற்குச் சாட்சி ஆகாது. ஒரே ஆள்தான் என்று சொல்கிறவர், கொத்தைத் தாண்டி ஒரு தடயமாவது காட்டவேண்டும்.

சரி, மிச்சிகனை விட்டு நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

2012 மார்ச் 29 காலை, திருச்சி தில்லை நகரில் நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் கே.என். ராமஜெயம் வீடு திரும்பவில்லை. அன்றே அவருடைய உடல் கல்லணை சாலையில் திருவளர்சோலை அருகே, காவிரிக் கரையோரம் கிடைத்தது. அப்போது முன்னாள் அமைச்சராக இருந்த கே.என். நேருவின் தம்பி என்பதால் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட வழக்கு. உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, 2017-ல் சிபிஐ, 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கை மாறிக்கொண்டே போனது. பத்தாண்டுக்கு மேல் ஆகியும் கொன்றது யார் என்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை.

திருவையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வழக்குக்கு ஒரு கதை கிடைக்கும். அவற்றில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆள் பெயர் சொல்லாமல் அந்தக் கதைகளைச் சொல்ல முடியாது, நிரூபணம் இல்லாமல் ஆள் பெயர் சொல்லக்கூடாது. ஒரு குடும்பத்தின் துக்கமும் அதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வேலை வேறு: இப்படி ஒரு கதை காதில் விழும்போது அதை எப்படி எடைபோடுவது என்று, சட்டமோ தடயவியலோ படிக்காதவருக்கும் புரியும்படி சொல்வது.

ஊகம் செய்வது தப்பே இல்லை. போலீசும் ஊகத்தில்தான் தொடங்குகிறது. அவர்கள் ஊகத்துக்கும் நம் ஊகத்துக்கும் இருக்கவேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். எது கிடைத்தால் இந்த ஊகம் பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் அது விசாரிக்கத் தக்கது. என்ன கிடைத்தாலும் 'அதுவும் அவன் திட்டம்தான்' என்று உள்ளே இழுத்துக்கொள்கிற கதை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் விசாரணைக்கு உதவாது.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்க்கலாம். டெல்டாவில் விடிவதற்கு முன்னால் ஆற்றங்கரைச் சாலைகளில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். அதற்காக மாதக்கணக்கில் ஓடுகிறார்கள். அப்படி ஒரு இளைஞன் நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரையில் காலை 5 மணிக்கு ஓடப் போகிறான். ஏழரைக்கு, களத்துக்குப் போகிறவர்கள் கரைக்குக் கீழே அவன் உடலைப் பார்க்கிறார்கள். தலையில் அடி, கைபேசி இல்லை. மாதம் ஐப்பசி, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.

பத்து மணிக்குள் ஊரில் மூன்று கதை கிளம்பிவிடும். கைபேசிக்காக வழிப்பறிக்காரன் அடித்துவிட்டான். மணல் அள்ளுகிறவர்களை இவன் பார்த்துவிட்டான், அதனால் தீர்த்துவிட்டார்கள். காதல் விவகாரம், பெண் வீட்டார் வேலை.

மூன்றையும் கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆர்வத்தில் கிட்டத்தட்ட எல்லாருமே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இது கொலைதானா? இருட்டில் வந்த வண்டி இடித்துத் தூக்கிப் போட்டிருக்கலாம். மதகின் படிக்கட்டில் வழுக்கி விழுந்திருக்கலாம். கைபேசி அப்போது ஆற்றில் விழுந்திருக்கலாம், அல்லது முதலில் பார்த்த எவரோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட சாவுகள் பெரும்பாலும் முதலில் சந்தேக மரணமாகப் பதிவாகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு என்று செய்தித்தாளில் படித்துப் பழகியிருப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 194. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகே கொலை வழக்காக மாற்றுகிறார்கள். 'சந்தேக மரணம்னு போட்டு மூடி மறைக்கப் பார்க்கிறாங்க' என்று அன்றைக்கே முடிவு கட்டத் தேவையில்லை. அறிக்கை கொலை என்று சொல்லியும் மாற்றாமல் இருந்தால் அப்போது கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

கொலை என்று உறுதியானதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு கதையிடமும் கேட்க வேண்டியது: நீ உண்மையென்றால் வேறு என்னவெல்லாம் இருந்தாக வேண்டும்?

வழிப்பறி என்றால் கைபேசியை விற்றிருக்கவேண்டும், அல்லது வேறு சிம் போட்டு எவராவது பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு கைபேசிக்கும் ஐஎம்இஐ என்ற தனி எண் உண்டு. எந்த சிம் போட்டாலும் அந்த எண் சேவை நிறுவனத்தின் பதிவில் விழும். மாதங்கள் போயும் விழவில்லை என்றால் இந்தக் கதை மெலிகிறது. முழுக்கச் சாகவில்லை, மெலிகிறது, அவ்வளவுதான்.

மணல் கதையை நம் பக்கத்து ஆட்கள் எளிதாக நம்பிவிடுவார்கள், காரணமும் இருக்கிறது. ஆனால் மாதத்தைப் பாருங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். ஆறு கரை தொட்டு ஓடும்போது டிராக்டரோ மாட்டுவண்டியோ ஆற்றுக்குள் எப்படி இறங்கும்? இதே சம்பவம் சித்திரையில், ஆறு வறண்டு கிடக்கும்போது நடந்திருந்தால் அந்தக் கதைக்கு வலு வேறு. கரையோரத்தில் வாழ்கிறவருக்குத் தெரிந்த இந்த மாதிரி விவரம், வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிக்கும் உடனே தோன்றாமல் போகலாம். உள்ளூர் ஆளின் அறிவு உண்மையிலேயே பயன்படுகிற இடம் இது.

காதல் கதைக்கு ஆதாரமாக என்ன சொல்வார்கள்? 'அந்த நேரத்துல அங்க வருவான்னு தெரிஞ்ச ஆள்தான் செஞ்சிருக்கணும்.' கேட்கும்போது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே கரையில் ஓடுகிறவனின் வழி ஊருக்கே தெரியும். பால்காரருக்குத் தெரியும், தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குத் தெரியும், முதல் பஸ் ஓட்டுநருக்குத் தெரியும். ஆயிரம் பேருக்குப் பொருந்துகிற ஒன்றை ஒருவர் மேல் மட்டும் வைத்தால் அது சான்றாகாது. ஊகம் எடைபோடுவதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: இந்த விவரம் குற்றவாளிக்குப் பொருந்துகிறதா என்று கேட்டால் போதாது, குற்றமே செய்யாத எத்தனை பேருக்கும் இதே விவரம் பொருந்தும் என்று கேட்க வேண்டும்.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில் நீதிமன்றமும் இதே வழியில்தான் போகிறது. 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் வைத்துத் தண்டிக்க ஐந்து நிபந்தனைகள் வைத்தது. எளிமையாகச் சொன்னால், ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே முழுமையாக நிறுவப்பட வேண்டும், 'இருக்கலாம்' போதாது. அவை எல்லாம் குற்றம்சாட்டப்பட்டவரின் குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும், உறுதியாகச் சுட்ட வேண்டும். வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. சங்கிலி எங்கும் அறாமல் முழுதாக இருக்க வேண்டும். டீக்கடைக் கதைகள் பெரும்பாலும் 'வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக்கூடாது' என்ற இடத்தில்தான் அறுந்து போகும். நோக்கம் இருந்தது என்பதை மட்டும் காட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை என்று கிராமத்தில் யார் மேல் யாருக்கு நோக்கம் இல்லை?

செய்தித்தாளில் அடிக்கடி வரும் சில விஷயங்களையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அவற்றை வைத்துத்தான் பாதிக் கதைகள் கட்டப்படுகின்றன.

'கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்பு வந்ததும் வழக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து நம் நாட்டில் தண்டிக்க முடியாது. அடித்து வாங்கியதாக இருக்கலாம் என்ற அச்சத்தில் சட்டமே அதைத் தள்ளி வைக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் அப்படித்தான். விலக்கு ஒன்று உண்டு. அவர் சொன்ன தகவலால் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். 'அரிவாளைக் கண்மாய்த் தண்ணீரில் போட்டேன்' என்று சொல்லி, அங்கிருந்தே அரிவாள் எடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது சான்று. 'நான்தான் வெட்டினேன்' என்ற பகுதி சான்றல்ல.

அப்புறம், உண்மை கண்டறியும் சோதனை. 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு இந்தச் சோதனை செய்யக்கூடாது என்றது. சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு தன்னளவில் சான்றாகாது. ராமஜெயம் வழக்கில் 2023-ல் பலருக்கு இந்தச் சோதனை நடந்தபோது, சோதனைக்குப் போனவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்பதுபோல ஒரு பேச்சு ஓடியது. இந்தக் கருவி அளப்பது நாடித்துடிப்பும் மூச்சும் வியர்வையும்தான். அப்பாவிக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாடி துடிக்கும்.

'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிப்போய் நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' எத்தனை தடவை படித்திருப்போம். நாய் நின்ற வீட்டு வாசலை ஊர் என்றைக்கும் மறப்பதில்லை, அந்த வீட்டுக்காரர் பாவம். நாயிடம் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் நீதிமன்றங்கள் அதை வலுவான சான்றாக எடுப்பதில்லை, விசாரணை எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கின்றன. கைபேசி கோபுரமும் இப்படித்தான். கிராமப்புறத்தில் ஒரு கோபுரம் பல கிலோமீட்டருக்குச் சேவை கொடுக்கும். 'டவர் அங்க காட்டுச்சு' என்றால் அந்த ஆள் அந்தப் பகுதியில் இருந்தார் என்று அர்த்தம், பிணம் கிடந்த கரையில் நின்றார் என்று அர்த்தமில்லை.

கரையில் கிடக்கும் பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை என்பது எல்லாரும் எதையாவது விட்டுவிட்டுப் போகிற இடம். ஆடிப்பெருக்கு முடிந்தால் வளையலும் காதோலைக் கருகமணியும் மஞ்சள் கயிறும் கிடக்கும். திதி கொடுத்த இடத்தில் பழைய வேட்டி கிடக்கும். எலுமிச்சம்பழமும் குங்குமமும் எப்போதும் உண்டு. பிணத்துக்குப் பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சை கிடந்தது என்றால் உடனே நரபலி என்று கிளம்பிவிடுகிறார்கள். பிணம் இல்லாத நாளில் அதே கரையில் நடந்து பாருங்கள், எத்தனை எலுமிச்சை இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, புள்ளிவிவரம். 2023-ல் உலகில் கொலையான சுமார் 85,000 பெண்களில் 51,100 பேர், அதாவது நூற்றுக்கு அறுபது பேர், கணவரால் அல்லது துணைவரால் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐநா கணக்கு. ஓடப்போன பெண் கொல்லப்பட்டாலும் போலீஸ் முதலில் வீட்டிலிருந்து விசாரிப்பது இதனால்தான். எங்கே தொடங்கலாம் என்பதற்கு மட்டுமே இந்தக் கணக்கு உதவும். இந்தக் கணவர்தான் செய்தார் என்று எந்தச் சதவீதமும் சொல்லாது. நான் முதலில் சொன்ன குயின்ஸ், மாசசூசெட்ஸ் வழக்குகள் இரண்டிலும் கொன்றவர்கள் அந்தப் பெண்களுக்கு அறிமுகமே இல்லாதவர்கள்.

போலீஸ் எல்லாவற்றையும் வெளியே சொல்வதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். உடலில் எத்தனை காயம், எந்தப் பொருள் காணவில்லை என்பது போன்ற சிலவற்றை வேண்டுமென்றே மறைத்து வைப்பார்கள். பின்னால் ஒருவர் 'நான்தான் செய்தேன்' என்று வந்தால், குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த விவரம் அவருக்குத் தெரிகிறதா என்று பார்க்க அது வேண்டும். நம் கையில் இருப்பது எப்போதும் பாதித் தகவல்தான், அதுவும் எந்தப் பாதி என்று தெரியாத பாதி.

ஊகம் தவறினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது, துப்பறியும் ஆர்வலர்கள் புகைப்படங்களை ஒப்பிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைகள் வந்து குவிந்தன. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில நாளில் அவர் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா ஒருவரை, பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. ஊகத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது. ஆதாரம் இல்லாமல் பெயரைப் பரப்பினால் அவதூறு வழக்கு வரும். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது, அவர் இறந்திருந்தாலும், குற்றம்.

அப்படியானால் சாதாரண ஆள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. 2016 வழக்குகள் எப்படித் துலங்கின என்று பாருங்கள். குயின்ஸில் ஒரு போலீஸ் அதிகாரி, கொலைக்குச் சில மாதம் முன்பே அந்தப் பகுதியில் சந்தேகப்படும்படி நடமாடிய ஓர் இளைஞனைக் கவனித்திருந்தார், பின்னால் அதை நினைவுபடுத்திச் சொன்னார். மாசசூசெட்ஸில் சாலையில் எதிர்ப்பட்ட கறுப்புக் காரையும் அதன் ஓட்டுநரையும் பார்த்த போலீஸ்காரர், காகிதம் இல்லாததால் வண்டி எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டார். இரண்டு இடத்திலும் விவரத்தைச் சோதித்தார்கள், டிஎன்ஏ பொருந்தியது. இரண்டிலும் தொடக்கம் ஒரு மனிதர் கண்ணால் பார்த்த சின்ன விவரம்.

அந்த மாதிரி விவரம் கரையோரத்து மக்களிடம் இருக்கும். அன்று விடியற்காலை எந்த வண்டி போனது, எந்த மதகில் யார் நின்றார்கள், எப்போது நாய் குரைத்தது என்பதை, கேட்ட கதையோடு கலக்காமல், பார்த்தது பார்த்தபடி அன்றே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் அவர் பார்த்ததும் உங்கள் நினைவில் கலந்துவிடும். வீட்டிலோ கடையிலோ கேமரா இருந்தால் உடனே பதிவை எடுத்துத் தனியே வையுங்கள். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். எங்கே சொல்வது என்ற தயக்கமும் வேண்டாம். நம் ஆறுகள் பல இடங்களில் இரண்டு காவல் நிலையங்களுக்கு, ஏன் கொள்ளிடத்தில் இரண்டு மாவட்டங்களுக்கே எல்லையாக ஓடுகின்றன. அக்கரையில் நடந்தாலும் இக்கரை நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.